மடக்கு வீடும் உச்சமுனைப் பாடமும்

புத்தளம் மாவட்டத்தின் கடலோரத்திலே, கற்பிட்டிப் பட்டினத்துக்கு அப்பால், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் சூழக் கிடக்கும் மணற்றிட்டொன்றுக்கு உச்சமுனை என்று பெயர். கற்பிட்டித் துறையிலிருந்து படகேறித்தான் அங்கே போக வேண்டும். சோளகக் காற்று ஓய்ந்து கடல் இளகும் மாதங்களில் வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு இத்தகைய தீவுகளுக்கு வந்து வாடி அமைப்பார்கள். காற்று மீண்டும் எழும்போது வாடியைப் பிரித்து, கம்புகளைக் கட்டி, கிடுகுகளை அடுக்கி, பானை சட்டிகளுடன் படகில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நேற்று வீடு நின்ற இடத்தில் இன்று அடுப்புக் கற்கள் மூன்று மாத்திரம் இருக்கும்.

நான் புத்தளம் பகுதியில் ஆசிரியனாக இருந்த காலத்தில், 2012 ஆம் ஆண்டு, உயர்வகுப்பு மாணவர் சிலரைப் புவியியல் சுற்றுலாவாக அங்கே அழைத்துச் சென்றேன். மாணவர்கள் மணல்மேடுகளை அளந்துகொண்டிருக்க, கரையில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் ஒரு பழைய மரவள்ளத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். 1990 இல் மன்னார்த் தீவிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, படகேறி வந்து கற்பிட்டியில் கரையிறங்கியவர்களுள் அவரும் ஒருவர். இப்பொழுது அங்கெல்லாம் கண்ணாடி நார்ப் படகுகளே மிகுதி. மரவள்ளம் வைத்திருந்தவர் அன்று நான் கண்ட அளவில் அவர் ஒருவரே.

வள்ளத்தின் பலகை இடுக்குகளில் நாரும் பஞ்சும் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசி அடைப்பதற்குக் கலப்பற்றுதல் என்று பெயர். அவர் அதைத் தொடங்குமுன் செய்த காரியம் எனக்கு வியப்பாயிருந்தது. வள்ளத்தை முட்டுக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்து, உள்ளே குடம் குடமாக நீரை ஊற்றினார். பின்னர் வெளியே குனிந்து, எந்த இடுக்கிலிருந்து முதலாவது துளி எட்டிப் பார்க்கிறது என்று கவனித்துக் கரித்துண்டால் அடையாளமிட்டார்.

"தண்ணி சொட்டுற இடம் வேற, சேர், அது நுழையிற வாசல் வேற. சொட்டுற இடத்தில பூசுறவன் வருஷம் முழுக்கப் பூசிக்கிட்டே இருப்பான்" என்றார்.

அடையாளமிட்ட பின்னும் அவர் உடனே பூசவில்லை. நீரை இறைத்துவிட்டு, நாலு நாள் வெயிலில் காய விட்டார் என்று பின்னர் அறிந்தேன். ஈரப் பலகையில் எந்தப் பசையும் பற்றாது. பற்றினாலும் உள்ளிருக்கும் ஈரம் மரத்தை அரித்துக்கொண்டேயிருக்கும்.

அன்று மாலை திரும்பும்போது எங்கள் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்தது. எங்கள் படகு நேரே வராமல், கட்டுக்கடங்காத கன்றுபோல இடமும் வலமும் ஓடிற்று. பையன்கள் அனைவரும் வேடிக்கை பார்க்க அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், கூடியிருந்தார்கள். இழுத்த படகிலிருந்தவர், "எல்லாரும் பின்னுக்குப் போங்க!" என்று கூவினார். பாரம் பின்னுக்கு மாறியதும் முன்பக்கம் நிமிர்ந்தது. படகு ஒழுங்காக வந்தது. இழுக்கப்படும் பொருளுக்குப் பின்பாரமே நன்று என்ற ஒரு விதியை அன்றே மனத்தில் எழுதிக்கொண்டேன். அந்த விதியால் பின்னொரு நாள் எங்கள் குடும்பம் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் தம்பி அவுஸ்திரேலியாவில் மெல்பேண் நகரில் வாழ்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் என்பவை அவன் செல்வங்கள். விடுமுறையில் விடுதிக்குப் போக வசதியில்லை. முப்பது வயது கடந்த மடக்கு வண்டியொன்றை ஒரு முதியவரிடமிருந்து மலிவாக வாங்கிவிட்டான். சென்ற சித்திரை விடுமுறையில் நான் அங்கே போனபோது, அது வீட்டின் முன்னால் தறப்பாள் போர்த்தி நின்றது.

மடக்கு வண்டி என்றால் யாது என்பதை நம் வாசகர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். நம் ஊரில் ட்ராக்டரின் பின்னே 'பெட்டி' பூட்டுகிறோமல்லவா? அதுபோல் காரின் பின்னே பூட்டும் தட்டையான பெட்டி இது. போன இடத்தில் நிறுத்தி, ஒரு கைப்பிடியைச் சுழற்றினால், நான்கு மூலைகளிலும் உள்ள குழாய்த் தூண்கள் ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக நீண்டு கூரையை மேலே தூக்கும். தூண்களைத் தூக்குபவை அடியில் ஓடும் கம்பிக் கயிறுகள். பிறகு முன்னும் பின்னும் இரண்டு படுக்கைப் பலகைகளை வெளியே இழுத்தால், அவற்றைச் சூழக் கித்தான் சுவர்கள் விரியும். கால்மணி நேரத்தில் நாலு பேர் படுக்கும் வீடு ஆயத்தம். புறப்படும்போது அனைத்தும் மீண்டும் பெட்டிக்குள் அடங்கிவிடும். உயரம் குறைவாதலின் காற்று அதிகம் தடுக்காது. சிறிய காரும் இழுக்கும்.

உல்லாசத்துக்காக வீட்டை இழுத்துச் செல்லும் வழக்கம் அதிகப் பழமையானதன்று. 1885 ஆம் ஆண்டு கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், கடற்படையில் பணிபுரிந்து பின்பு சிறுவர் கதைகள் எழுதியவர், பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையொன்றில் தமக்கென ஒரு வீட்டு வண்டியைக் கட்டுவித்தார். இரண்டு குதிரைகள் இழுத்த அவ்வண்டிக்கு 'வாண்டரர்' என்று பெயரிட்டு, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வர்னெஸ் வரை பிரயாணம் செய்தார். முதலாம் உலக யுத்தம் முடிந்த பின், 1919 இல், பர்மிங்ஹாம் நகரத்து எக்கிள்ஸ் கம்பனி காரின் பின்னே பூட்டும் வீடுகளை விற்பனைக்குச் செய்யத் தொடங்கிற்று. கூரையை உயர்த்தி மடக்கும் வகை அமெரிக்காவிலே பெரிதும் பரவியது. 1968 இல் இந்தியானா மாநிலத்தில் லோயிட் பொன்ட்ரேகர் என்பவர் ஜெய்கோ கம்பனியை நிறுவி, கூரை தூக்கும் அமைப்பைச் செம்மைப்படுத்திய மடக்கு வண்டிகளைச் செய்தார். அதே பெயரில் 1975 இல் மெல்பேண் நகரின் புறத்தே ஒரு கம்பனி எழுந்தது. அவுஸ்திரேலியாவின் பழைய வீடுகள் பலவற்றின் பின்முற்றத்தில் இத்தகைய வண்டியொன்று தூங்குவதற்குக் காரணம் இதுவே.

இனித் தம்பியின் வண்டிக்கு வருவோம். மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஏறியதும் பழைய பெட்டகத்தைத் திறந்ததுபோன்ற பூஞ்சண வாடை. முன்மூலையில் கால் வைத்தால் தரை மெத்தைபோல அமிழ்ந்தது. தம்பி அதைப் பெரிதாக எண்ணவில்லை. "ஒரு டின் சிலிக்கன் பூசினால் சரியாகிவிடும், அண்ணா" என்றான்.

அவன் மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வலிகாமத்தில் பிறந்தவள். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி, இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நனைந்தபடி யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட இரவில், ஒன்பது வயதுச் சிறுமியாகத் தாயின் கையைப் பிடித்து நடந்தவள். அதன்பின் வன்னியிலே தறப்பாள் கொட்டிலொன்றில் இரண்டு மாரி கழித்தவள். அவள் எங்கள் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அத்தான், ஒழுகிற கூரைக்குக் கீழ பிள்ளைகளைப் படுக்க வைக்க என்னால ஏலாது. எனக்குப் பயணம் வேண்டாம் எண்டில்லை. ஒழுகாது எண்டு எனக்குக் காட்டுங்கோ, நான் வாறன்."

தம்பி சிரித்து மழுப்பப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. உச்சமுனை முதியவரின் கரித்துண்டு என் நினைவுக்கு வந்தது.

மறுநாள் வேலையைத் தொடங்கினோம். அவர் வள்ளத்தினுள்ளே நீர் ஊற்றினார். வீட்டுக்கோ நீர் வெளியிலிருந்து வருவது. ஆகவே தம்பி வெளியே நீர்க்குழாயைப் பிடிக்க, அவன் மனைவி உள்ளே ரோச் விளக்கும் வெண்கட்டியும் கொண்டு உட்கார்ந்தாள். அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். நீரைக் கீழிருந்து மேலாகவே கொண்டு போக வேண்டும். முதலிலேயே கூரையில் பாய்ச்சினால் நாலு பக்கமும் வழிந்து, எந்த மூட்டு ஒழுகிற்று என்று அறிய வழியில்லாது போகும். ஒரு மூட்டில் சில நிமிடம் பாய்ச்சி, உள்ளிருந்து பதில் வரும்வரை காத்திருந்து, பின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். வேகமாகப் பீய்ச்சவும் கூடாது, மழை பீய்ச்சுவதில்லை.

முன்மூலைத் தரையை நனைத்த நீர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த மூலையில் ஒரு துளையுமில்லை. கூரையின் எதிர்ப்புற ஓரத்தில் இருந்த சிறு அடையாள விளக்கின் திருகாணித் துவாரத்தினூடே நுழைந்து, கூரைத் தகட்டின் உட்புறச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, முன்மூலையில் வந்து சொட்டிற்று. தம்பி சொன்னபடி மூலையில் சிலிக்கன் பூசியிருந்தால் அந்த நீர் வேறு வாசல் தேடியிருக்கும். கூரைக் காற்றுத் துவாரத்தின் விளிம்பு, மூலைத் தகடுகள் சேருமிடம், கித்தானைக் கூரையோடு பிடிக்கும் தண்டவாளம், கதவின் மேற்சட்டம் இவையே இப்படிப்பட்ட வண்டிகளில் வழக்கமான வாசல்கள். தகட்டின் நடுவில் ஒழுகுவது அபூர்வம். இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடமும் ஒரு திருகாணி இறங்கும் இடமுமே நீர் குடிபுகும் இடங்கள்.

பொத்தூசியொன்றால் தரைப் பலகையைக் குத்திப் பார்த்தோம். நல்ல ஒட்டுப்பலகையில் ஊசி எதிர்த்து நிற்கும். உழுத்ததில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். உழுத்த பகுதி கையகலம் என்று நினைத்தோம். ஒரு பாய் அகலம் இருந்தது. அதை வெட்டியெடுத்து, நல்ல பலகை கண்ட இடம்வரை போய், படகுக்கு உதவும் ஒட்டுப்பலகையால் நிரப்பினோம். புதிய பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு வர்ணம் பூசாமல் விடக்கூடாது. ஒட்டுப்பலகை நீரைக் குடிப்பது விளிம்பு வழியாகவே.

அதற்குப் பின்னரும் நாங்கள் உடனே அடைக்கவில்லை. ஒரு வாரம் காய விட்டோம். தம்பிக்குப் பொறுமையில்லை. விடுமுறை நாட்கள் கழிகின்றன என்று முணுமுணுத்தான். ஈரத்தை உள்ளே வைத்து மூடுவது, அழுகிய புண்ணின்மேல் தோலை வளர விடுவதை ஒக்கும் என்று சொல்லி அவனை அடக்கினேன். கல்லூரி ஆசிரியனுக்கு இந்த உரிமை எங்கும் உண்டு.

பின்பு பழைய பசை முழுவதையும் சுரண்டினோம். இது சலிப்பூட்டும் வேலை. ஆனால் இதைச் செய்யாதவன் மற்றவற்றைச் செய்து பயனில்லை. சிலிக்கன் பூசிய இடத்தில் அதன் மெல்லிய படலம் மிச்சமிருந்தாலும் வேறெதுவும் அங்கே ஒட்டாது. சிலிக்கன் மேல் சிலிக்கனும் சரியாக ஒட்டாது. முந்திய உரிமையாளர் யாரோ அன்போடு பூசிப் பூசி வைத்திருந்த சிலிக்கனை அகற்ற எங்களுக்கு இரண்டு நாள் சென்றது. மரத்தாலான சுரண்டியே நன்று. இரும்பு அலுமினியத் தகட்டைக் கீறிவிடும். சுரண்டியபின் ஸ்பிரிட்டால் துடைத்தோம். மூலைத் தகடுகளைக் கழற்றி, அவற்றின் அடியில் பியூட்டைல் என்னும் றப்பர் வகை நாடாவை வைத்து மீண்டும் திருகினோம். இந்நாடா எந்நாளும் முற்றாக இறுகுவதில்லை; தகடு வெயிலில் நீண்டாலும் குளிரில் சுருங்கினாலும் அதனோடு இசைந்து கொடுக்கும். ஏறக்குறைய உச்சமுனை முதியவரின் பஞ்சும் குங்கிலியமும் செய்யும் வேலைதான். கூரையின் மேல் மூட்டுகளுக்குக் கூரைக்கென்றே விற்கும், தானே பரவி மட்டமாகும் பசையை இட்டோம். துவாரம் பெருத்துத் திருகாணி சுழன்ற இடங்களில் மரமுளை அடித்துப் பிடிப்புண்டாக்கினோம்.

கித்தானுக்கு வேறு வைத்தியம். பருத்திக் கித்தான் நனைந்தால் நூல் பருத்துத் தையல் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். நெடுநாள் கரையில் கிடந்து வெடித்த மரவள்ளம் நீரில் இறங்கியதும் பலகை உப்பி இடுக்குகள் ஒட்டுவது போன்றதே இதுவும். ஆகவே புதுக் கித்தானை முதலில் நனைத்துக் காய வைப்பது பழைய வழக்கம். சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தால் அதன் மேலுள்ள நீர்க்காப்பு நீங்கிவிடும். வெறும் நீரும் மென்மையான தூரிகையும் போதும். மழை பெய்கையில் உட்புறத்தை விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் கசியத் தொடங்கும். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். ஈரத்தோடு மடக்க நேர்ந்தால், வீடு சேர்ந்ததும் அன்றோ மறுநாளோ விரித்து உலர்த்த வேண்டும். நாலு நாள் தாமதித்தால் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். அவை பின் போவதில்லை.

அடைக்கும் உற்சாகத்தில் தம்பி ஒரு பெரும் தவறு செய்யப் போனான். தரைக்கருகே சட்டமிட்ட சிறு காற்றுத் துவாரம் ஒன்று இருந்தது. குளிர் வருகிறதென்று அதையும் அடைக்கப் பசையை எடுத்தான். நான் தடுத்தேன். வாயு அடுப்பு உள்ள வண்டியில் அத்துவாரங்கள் உயிர் காக்கும் வாசல்கள். நீர் வரும் வழியை அடைக்கலாம். காற்று வரும் வழியை அடைக்கலாகாது. மூடிய அறையில் அடுப்பை எரித்துக் குளிர் காய்ந்தவர்கள், வாடையும் நிறமும் இல்லாத நச்சு வாயுவால் தூக்கத்திலேயே மாண்டிருக்கிறார்கள்.

மீண்டும் நீர்க்குழாய்ச் சோதனை நடந்தது. அவள் உள்ளே அரைமணி நேரம் இருந்தாள். வெண்கட்டியை உபயோகியாமலே வெளியே வந்தாள். "சரி, போவம்" என்றாள்.

இதுவரை உச்சமுனைப் பாடம் எனக்கு நற்பெயர் தேடித் தந்தது. அதனால் ஏற்பட்ட தலைக்கனத்தில், சாமான் ஏற்றும் பொறுப்பையும் நானே ஏற்றேன். அரிசி, மிளகாய்த்தூள், பெரிய பானைகள், நீர் நிரம்பிய நான்கு கான்கள், கருவிப் பெட்டி யாவற்றையும் வண்டியின் பின்கோடியிலே அடுக்கினேன். ஏன் என்று தம்பி கேட்டபோது, 2012 இல் களப்பில் நிகழ்ந்ததை விரிவாக எடுத்துரைத்தேன். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்பதையும் மாணவருக்கு ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். அதை அன்று நினைக்கவில்லை.

கிராம்பியன்ஸ் மலைத்தொடரை நோக்கிப் புறப்பட்டோம். பலராத் செல்லும் பெருஞ்சாலையில் ஓர் இறக்கம். எங்களைப் பெரிய லொறியொன்று முந்திச் சென்றது. அது கிளப்பிய காற்று வண்டியைத் தொட்டதும், வண்டியின் பின்பக்கம் மெல்ல ஆடத் தொடங்கிற்று. இடம், வலம், மீண்டும் இடம். ஒவ்வோர் ஆட்டமும் முன்னையதைவிடப் பெரிது. காரின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது. பின்னாசனத்தில் பிள்ளைகள் கத்தவில்லை. அதுவே எனக்கு அதிகப் பயமாயிருந்தது. தம்பி பிறேக்கை மிதித்திருந்தால் வண்டி எங்களை மடக்கி வீழ்த்தியிருக்கும். வேகம் கூட்டி நேராக்க முயன்றாலும் அதே கதிதான். நல்ல காலம், திகைப்பில் அவன் செய்தது ஒன்றே: வேகமிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராக இறுகப் பிடித்துக்கொண்டான். வேகம் குறையக் குறைய ஆட்டம் தணிந்தது. ஓரத்தில் நிறுத்தினோம். ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

தம்பி இறங்கிக் கொளுவியைக் கழற்றி, வண்டியின் முன்முனையை ஒரு கையால் தூக்கினான். இலகுவாக எழும்பிற்று. அப்பொழுதுதான் எனக்கு எங்கள் அப்புவின் மாட்டு வண்டி ஞாபகம் வந்தது.

சிறுவயதில் அவ்வண்டியில் நெல்மூடை ஏற்றுவதை எத்தனை முறை கண்டிருக்கிறேன்! பின்பாரம் ஆனால் முன்மரம் மேலெழும்பி, நுகம் மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். அதிக முன்பாரம் ஆனால் மாடு படுத்துவிடும். அச்சுக்கு நேர்மேலே பாரத்தை வைத்து, முன்னுக்குச் சிறிது சாய விட வேண்டும். அப்பு முன்மரத்தைக் கையால் தூக்கிப் பார்த்தே மாட்டைப் பூட்டுவார். இரண்டு சக்கரத்தில் நிற்கும் மடக்கு வண்டிக்கு உறவு அந்த மாட்டு வண்டியே, வள்ளம் அன்று. நீரில் இழுபடும் படகின் முன்பக்கம் அமிழ்ந்தால் நீர் அதைத் திசைதிருப்பும். ஆதலால் அங்கே பாரம் பின்னே. தரையில் அச்சின் பின்னே சேர்ந்த பாரம் ஊஞ்சலில் ஏறிய பிள்ளைபோல் ஆட்டத்தைப் பெருக்கும். மேலும் அது காரின் பின்பக்கத்தை மேலே கெம்பி, பின்சக்கரங்களின் பிடிப்பைக் குறைக்கும். களப்பில் கற்றதை நெடுஞ்சாலையில் பிரயோகித்தேன். வீட்டு முற்றத்தில் கற்றதை மறந்தேன். பிள்ளைகள் முன்னிலையில் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் மனைவி ஒன்றும் சொல்லாமல் நீர்க்கான்களை ஒவ்வொன்றாக முன்னுக்குத் தூக்கி வந்தாள். இரண்டைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

சாமானை மாற்றி அடுக்கியபின், அந்த முன்முனையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஏற்றிய வண்டியின் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொளுவியின்மேல் அழுத்துவது அவுஸ்திரேலியாவில் பொது வழக்கு. அமெரிக்கர் பத்து முதல் பதினைந்து வீதம் என்பர். கொளுவிக்கும் காருக்கும் அவற்றைச் செய்தவர்கள் விதித்த எல்லையை இது மீறவும் கூடாது. வீட்டில் உடல் நிறை பார்க்கும் தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் முன்முனையை இறக்கினால் அழுத்தத்தை அறியலாம். புறப்படுமுன் ஐந்து நிமிட வேலை. நாங்கள் ஊர் திரும்பிய பின் செய்தோம்.

மற்ற விஷயங்களில் தம்பி கவனமாகவே இருந்தான். பழைய இழுவை வண்டியின் ரயர் தேய்ந்து கெடுவதில்லை, நின்றே கெடுகிறது. பூ அழியாதிருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டியதே. ரயரின் பக்கத்தில் பொறித்த கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். அவன் வண்டியில் இருந்தவை அவன் மகளைவிட மூத்தவை. சக்கரப் பெயரிங்குகளுக்குப் புதிய கிறீஸ் இடுவித்தான். முதலாவது தங்குமிடத்தில் சக்கரக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு ஆபத்து. சக்கரச் சுரைகளையும் அங்கே மீண்டும் இறுக்கினான். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொளுவியின் கீழே குறுக்காகப் பூட்டியிருந்தான். கொளுவி கழன்றாலும் முன்முனை சாலையில் குத்தாமல் அச்சங்கிலித் தொட்டிலில் விழும். அந்நாட்டில் 750 கிலோவைக் கடந்த இழுவை வண்டிக்குப் பிறேக் இருத்தல் வேண்டும். 2000 கிலோவைக் கடந்தால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிறேக்கும், கழன்றுவிட்டால் தானே பிடித்து நிற்கும் அமைப்பும் வேண்டும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறுபடும். ஓடும் வண்டிக்குள் ஒருவரும் இருக்கலாகாது. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் இடங்கொடுக்க வேண்டாம்.

பின்னோக்கிச் செலுத்துவது ஒரு தனி வித்தை. வண்டி எப்பொழுதும் நினைத்ததற்கு எதிராகவே திரும்பும். ஸ்டியரிங் சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, வண்டி எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கமே கையை நகர்த்த வேண்டும். இதைக் கற்றபின் தம்பிக்கு அரைப்பங்கு கோபம் குறைந்தது. குட்டை வண்டி நீள வண்டியைவிட விரைவில் மடங்கிக்கொள்ளும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது.

மாலை மலையடிவாரத்தை அடைந்தோம். கைப்பிடியைச் சுழற்றக் கூரை எழுந்தது. பிள்ளைகள் இரண்டு பக்கப் படுக்கைகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சோறும் பருப்பும் சமைத்து, கதவைத் திறந்து வைத்தபடியே உண்டோம்.

நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. கித்தானில் மழை விழும் ஒலி கிடுகுக் கூரையில் விழுவதுபோன்றதன்று. முரசு தோலில் விரல் விளையாடுவது போன்றது. நான் விழித்துக்கொண்டேன். எதிர்ப்புறத்தில் ரோச் விளக்கொன்று எரிந்தது. தம்பியின் மனைவி எழுந்து உட்கார்ந்து, முன்மூலையை ஒளியால் தடவினாள். பின் கூரை விளிம்பை, பின் பிள்ளைகள் படுத்திருந்த பலகைகளின் ஓரத்தை. சுற்றி வந்து மீண்டும் முன்மூலைக்கு வந்தாள். அப்படியே நெடுநேரம் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

காலையில் நான் எழுந்தபோது அவள் கதவின் மேற்சட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரே ஒரு துளி, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தான், அந்த வெண்கட்டி எங்க?" என்று கேட்டாள்.